நாலில் தொடங்கும் எண்ணிக்கை

ஜித்தாவில் மகன் வீட்டுத் தரையிலிருந்து எழும்போதெல்லாம் மெதீனா, "அர்பா... ஹம்ஸ்" என்று முனகிக்கொண்டு எழுவாள். நாலு, ஐந்து. நாலில் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள், ஐந்தில் நின்றுவிடுவாள். ஒன்றும் இரண்டும் மூன்றும் எங்கே போயின என்று மருமகள் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"அதுங்கள நம்பியிருந்தா உன் மாமனார் படகு அன்னைக்கே போயிருக்கும்டி" என்பாள் மெதீனா.

செங்கடலின் எதிர்க்கரையில், மசாவாவில், படகுத்துறையை ஒட்டி அவளுக்கு ஒரு காப்பிக்கடை இருந்தது. நாலு கம்பு, மேலே கிழிந்த பாய்த்துணி, கீழே கரியடுப்பு. இஞ்சி தட்டிப் போட்ட காப்பி. ஏமன் தச்சர்கள் அரபியில் கேட்பார்கள். கரைக்காரர்கள் அவளுடைய திக்ரே மொழியில் கேட்பார்கள். மூட்டை தூக்க மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குத் திக்ரிஞ்ஞா. எல்லாக் குரலும் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். ஒரு கோப்பை வேண்டுமென்றால் வாஹித் என்பான் ஒருவன், வோரோத் என்பான் அடுத்தவன், ஹதே என்பான் மூன்றாமவன். திரும்பி விரலைப் பார்த்தால்தான் நிச்சயம். நாலுக்கு வந்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது. அர்பஆ, அர்பா, அர்பாத்தே. ஐந்தும் அப்படித்தான்: கம்ஸா, ஹம்ஸ், ஹமுஷ்தே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல மூக்கும் முழியும் ஒரே அச்சு. யார் கேட்டது என்று பாராமலே கோப்பைகளை நீட்டுவாள். அது காப்பி ஊற்றுவதற்கு மட்டுமே உதவும் சங்கதி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தாள்.

அவள் கணவன் ஹும்மதுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு. அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து. ஒருநாள் காலை அது அடிப்பலகை விண்டு, பாதி வயிறு தண்ணீரோடு துறைக்குள் தள்ளாடி வந்தது. மதியம் ஆனால் கடற்காற்று கிளம்பிவிடும். அதற்குள் கரையேற்றாவிட்டால் பவளக்கல் சுவரில் மோதி விறகாகிவிடும்.

கரையேற்றுவது ஃபரஜ் மேஸ்திரியின் வேலை. ஏமனில் முகல்லாக்காரர், தம் ஊர் ஆட்களைத் தவிர யாரையும் கயிற்றில் விடமாட்டார். அது ஹஜ் மாதம். அவருடைய ஆட்களில் பாதிப்பேர் யாத்திரைப் படகுகளில் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் கரைக்காரர், மலைக்காரர் எல்லாரையும் சேர்த்து முப்பது பேரைக் கயிற்றில் நிறுத்தினார்.

"வாஹித், இத்னேன், தலாத்தா" என்று கத்தினார். ஏமன்காரர்கள் இழுத்தார்கள். அரபி எண் மற்றவர்களுக்கும் தெரியாததல்ல. ஆனால் காதில் விழுந்தது தன் மொழிக்கு மாறிக் கைக்கு இறங்குவதற்குள் கயிறு போய்விடுகிறது. படகு ஒரு முழம் ஏறி இரண்டு முழம் சறுக்கியது. நாலாம் முறை சறுக்கியபோது மலைக்காரன் ஹப்தோமின் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"மூணு சொல்லி எவ்வளவு நேரமாச்சு? தூங்கறியா?" என்றார் ஃபரஜ்.

"நான் இன்னும் ரெண்டுலயே நிக்கறேன் மேஸ்திரி. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

மெதீனா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "மேஸ்திரி, ஒண்ணுலேர்ந்து வேணாம். நாலுலேர்ந்து எண்ணுங்க."

"நாலுலேர்ந்தா? உங்க பக்கத்துல புள்ள பொறக்கறப்பவே நாலு வயசோ?"

"புள்ளைங்க கதை இருக்கட்டும். காப்பி கேக்கறப்ப இவங்க வாயெல்லாம் ஒண்ணு சேர்றது நாலுலயும் அஞ்சுலயும்தான். தெனம் கேக்கறேன்ல."

"போம்மா, காப்பி பொங்கப் போவுது."

"பொங்கட்டும். வேற காப்பி வெச்சுக்கலாம். வேற படகு இல்ல."

கழுத்தளவு தண்ணீரில் பின்புறத்தைத் தாங்கி நின்ற ஹும்மத் சூரியனை ஒருமுறை பார்த்தான். "அவ சொல்லட்டும் மேஸ்திரி. போனா என் படகுதானே."

"அப்புறம் என் பேரு அடிபடக்கூடாது" என்று ஃபரஜ் ஒதுங்கிக்கொண்டார்.

மெதீனா தொண்டையைச் செருமினாள். "அர்பா." முப்பது பிடியும் இறுகின. "ஹம்ஸ்." உருளைக்கட்டை கிறீச்சிட்டது, படகு ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அவள் வாய் தானாக ஆறுக்குப் போய்விட்டது. ஆறு மொழிக்கொரு சொல், மறுபடி ஆளுக்கொரு திசை.

"அக்கா, ஆறு வேணாம்கா" என்றான் ஹப்தோம். "ஆறு எங்க வீட்டுப் புள்ள இல்ல."

கயிறு நெடுகச் சிரிப்பு ஓடியது. அதற்குப் பிறகு அவள் ஆறைத் தொடவில்லை. நாலு, ஐந்து. நாலு, ஐந்து. மசூதியில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது படகு காய்ந்த மணலில் இருந்தது. காற்று வழக்கம்போல வந்தது. காலையில் படகு நின்ற இடத்தில் அலை சுவரை அறைந்து அறைந்து திரும்பிற்று. ஹும்மத் ஈரத்தோடு படகுக்கடியில் படுத்து, விண்ட பலகையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் அவள் முதுகுக்குப் பின்னால் ஃபரஜின் குரல் கேட்டது. "அர்பஆ."

திரும்பிப் பார்த்தாள். "தனியாத்தானே நிக்கறீங்க. நாலு எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு. மிச்சத்த அந்த மலைக்காரப் பயலுக்கும் அவன் கூட்டாளிங்களுக்கும் குடு. கையி வெந்து கெடக்கு."

அன்று முதல் எந்தப் படகைக் கரையேற்றினாலும் அவளைக் கூப்பிட ஆள் வந்தது. பதினோரு வருஷம். பிறகு போர் வந்தது. அதே படகில்தான் குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது ஃபரஜ் இல்லை. ஹும்மதும் இல்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால், வீடு நிற்கிறதா, மசூதி நிற்கிறதா என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். துறையில் இப்போது யார் எண்ணுகிறார்கள் என்று மெதீனா கேட்பாள். வந்தவருக்குத் தெரிந்திருக்காது. ஒன்றிலிருந்து எண்ணித் தொலைக்கிறார்களோ என்ற கவலையோடு அவருக்குக் காப்பி போட எழுவாள், நாலில் முழங்காலைப் பிடித்து.