டெல்பர்ட்டின் காது

டெல்பர்ட் யோக்கமுக்கு அவன் காதுதான் எதிரி. அபூர்வமான காசு கையில் பட்டால் போதும், இரண்டு காதும் பழுத்த மிளகாயாகிவிடும்.

எங்கள் ஊர் ஜேன்ஸ்வில்லில் அவன் குழாய் ரிப்பேர்க்காரன். பகலெல்லாம் செப்புக் குழாய், சாயங்காலமானால் செப்புக் காசு. அதுவும் 1794-ஆம் வருடத்து ஒரு சென்ட் காசுகள் மட்டும். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சைக் கையால் வெட்டினார்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று. அதனால் ஒரு காசில் முன்பக்கப் பெண் முகத்துக்குக் கூந்தல் சுருள் கூடும், இன்னொன்றில் பின்பக்க மாலையில் ஓர் இலை குறையும். எங்களைப் போன்ற கிறுக்கர்கள் பூதக்கண்ணாடி வைத்து அந்த இலைகளை எண்ணுவோம். டெல்பர்ட்டுக்கு ஒரே ஒரு வகைதான் பாக்கி.

"அது மட்டும் கிடைச்சா சாப்பாட்டு மேஜையைக் காலி பண்ணிடறேன், வெர்னா. சத்தியமா இதோட விட்டுடறேன்" என்று மனைவியிடம் ஒன்பது வருடமாகச் சொல்கிறான். மேஜை முழுக்கக் காசு; அவளும் ஒன்பது வருடமாக மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறாள்.

குறுக்கே நின்றவன் ஃபெரிஸ் ஹக்கபி, காசு வியாபாரி. படு சோம்பேறி. எது எந்த அச்சு என்று புத்தகத்தைப் புரட்டவே மாட்டான். டெல்பர்ட்டின் காதுதான் அவன் புத்தகம். காது வெளுத்திருந்தால் முப்பது டாலர், சிவந்தால் முந்நூறு. ஒருமுறை ஜூலை மாதத்தில் டெல்பர்ட் காதை மூடும் கம்பளித் தொப்பி போட்டுப் போனான். வியர்வை காசின் மேல் சொட்டப் பார்த்தது. செம்பில் வியர்வை படலாமா? பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினான். விலை ஏறியது. நான் வாங்கித் தரலாம்தான். ஆனால் எனக்கும் ஹக்கபிக்கும் பேச்சு நின்று நான்கு வருடம். அந்தக் கழுதை முன்னால் போய் நான் நிற்பதா?

அக்டோபர் மாதக் காசுக் கண்காட்சிக்கு எங்களோடு வெர்னாவும் கிளம்பினாள்.

"உனக்கு அங்க என்ன வேலை? எல்லாம் ஒரே பொம்பளை மூஞ்சின்னு சொல்லுவியே?" என்றான் டெல்பர்ட்.

"மூஞ்சியைப் பாக்க யாரு வந்தா? வண்டியை எடு."

தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஹக்கபி ஒரு தட்டை நீட்டினான். இருபது காசு, எல்லாமே 1794. நான் பக்கத்து மேஜையில் டோனட் தின்றபடி நின்றேன். டெல்பர்ட் முதல் காசை எடுத்தான். தேய்ந்து மொட்டையான சனியன். வெர்னா குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அடேயப்பா, காது அப்படியே சிவந்தது!

"முந்நூறு" என்றான் ஹக்கபி.

"இந்த மொட்டைக்கா?" என்றான் டெல்பர்ட்.

இரண்டாவது காசு. வெர்னா மறுபடி குனிந்தாள், காது மறுபடி சிவந்தது. மூன்றாவதும் அப்படியே. எட்டாவதற்குள் ஹக்கபிக்குத் தலை சுற்றிவிட்டது.

"ஏம்மா, அவர் காதுல என்னதான் ஓதறீங்க?"

"புருஷன் பொண்டாட்டி பேச்சு. அது உங்களுக்கு எதுக்கு?"

பதினோராவது காசில் டெல்பர்ட்டின் கை ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். காது அதற்குமேல் சிவக்க இடமில்லை. அதையும் வைத்துவிட்டுப் பன்னிரண்டாவதை எடுத்தான், கள்ளன்!

"போதும்யா!" என்று கத்தினான் ஹக்கபி. "எதை எடுத்தாலும் முப்பது. எடுத்துட்டு இடத்தைக் காலி பண்ணுங்க!"

டெல்பர்ட் பதினோராவதை எடுத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படி என்னதான் சொன்னே, வெர்னா?"

"தேனிலவுல இவன் அடிச்ச கூத்தையெல்லாம் சொன்னேன். நாலாவது காசோட சரக்கு தீந்துபோச்சு."

"அப்புறம்?"

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்னேன். அதையே திரும்பத் திரும்ப. வேற என்ன செய்ய? முப்பத்தோரு வருஷத்துல வாய்விட்டுச் சொன்னதில்லை."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெல்பர்ட் பாதையைப் பார்த்தே ஓட்டினான். ஒன்பது வருடம் தேடிய காசு சட்டைப் பையில் கிடந்தது. வீடு வரும்வரை அதை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தே இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

சொன்னபடி மேஜை காலியானது. ஒரே ஒரு வாரம்தான். அடுத்த ஞாயிறு நான் போனபோது அதன்மேல் 1795-ஆம் வருடத்துக் காசுகள் பரப்பிக் கிடந்தன. வெர்னா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, "அடுத்த கண்காட்சி எப்போ?" என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.