ரொக்ஸ்பரோ அணிக்கு இரண்டு பேர் குறைவு

பெயர் பதியும் மேசையிலிருந்த பெண் தலையை நிமிர்த்தி எண்ணினாள். நான்கு பேர். கயிறிழுக்க ஆறு பேர் வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் இன்னும் இருவர் வராவிட்டால் ரொக்ஸ்பரோ அணியின் பெயரை வெட்டிவிட வேண்டியதுதான் என்றாள். அப்போது மணி பதினொன்றே முக்கால்.

குணரத்தினம் உறைந்த ஏரியைப் பார்த்தார். மொன்றியலில் தான் குடியிருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரின் பனி விழாவுக்கு அவர் இருபத்திரண்டு வருடமாக வருகிறார். டவுன்டவுன் உணவகமொன்றில் சமையல் வேலை செய்த காலத்திலும் பெப்ரவரியில் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் லீவு கேட்டு வாங்கிவிடுவார். ஒருமுறை மூன்று கார்களில் பதினாலு பேர் வந்தார்கள். பிள்ளைகள் ரொறன்ரோ, ஒட்டாவா என்று போய்விட, இம்முறை ஒரே கார். அவரும் மனைவி சிவநேசமும், அவளுடைய தம்பி விமலநாதனும் தம்பியின் மனைவி மனோகரியும்.

"அத்தான், பேசாமல் ரோல்ஸைச் சாப்பிட்டிட்டு வீட்ட போவம்," என்றார் விமலநாதன். "ஆறு பேர் வந்த வருசமே நாங்கள் வெண்டதில்லை."

"வெல்லுறதுக்கே வந்தனாங்கள்?" என்றார் குணரத்தினம்.

முதல் வருடம் கயிறிழுக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. சிவநேசம் ஒடியல் கூழ் காய்ச்சி, பெரிய பானையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். வெறும் பனிக்கட்டியில் சுடச்சுட இறக்கி வைத்தார்கள். பனி உருகிப் பானை இரண்டு விரற்கடை உள்ளே இறங்கியது. ஸ்கேற்றிங் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், ஏரி அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆறு பேர் சுற்றி நின்று இழுத்தும் அசையவில்லை. அந்தச் சிற்றூரில் இரும்புக்கடை வைத்திருந்த லுக் என்பவர் அலவாங்குக் கம்பியோடு வந்து பனியைக் கொத்திப் பானையை எடுத்தார். கூலியாக ஒரு கோப்பைக் கூழ் குடித்தார். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுக இன்னொரு கோப்பை கேட்டார். பானையை அப்படி இழுத்தவர்கள் கயிற்றையும் இழுக்கலாமே என்று கூட்டிப்போனவரும் அவர்தான். அன்று முதல் ரொக்ஸ்பரோவுக்கு எதிரே கயிற்றின் மறுமுனையில் லுக்கின் அணி.

"லுக்கிட்டைக் கேளுங்கோவன்," என்றாள் சிவநேசம்.

அதுதான் சிக்கல். எப்போதும் மகள் அஜிதாதான் லுக்கோடு பிரெஞ்சில் பேசுவாள்; இம்முறை அவளும் வரவில்லை. முப்பது வருடச் சமையலறையில் குணரத்தினம் கற்ற பிரெஞ்செல்லாம் கெதியாக, சூடு, உப்பு, பின்னால் வாறன் விலகு என்பவைதான். அதை வைத்து எதிரணியிடம் எப்படி ஆள் கேட்பது?

ஆனாலும் போனார். இரண்டு விரலைக் காட்டினார். தன் கூட்டத்தைக் காட்டினார். "கெதியாக," என்று பிரெஞ்சில் அவசரப்படுத்தினார்.

லுக் சிரித்தபடி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான்கே பேர் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கையுறையை மாட்டிக்கொண்டு, மருமகளையும் அழைத்துக்கொண்டு தானே வந்தார். துரோகி என்று அவருடைய ஆட்கள் கத்தினார்கள்; கத்திக்கொண்டே மாற்றாட்கள் இருவரைக் கயிற்றுக்கு அனுப்பினார்கள்.

மேசைப் பெண் பெயர்களை எழுதினாள். மணி பன்னிரண்டாக இன்னும் மூன்று நிமிடம்.

முதல் இழுப்பு அரை நிமிடம்கூட நிற்கவில்லை; ரொக்ஸ்பரோ அணி சறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டிப்போய் விழுந்தது. குணரத்தினம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார். மேலே லுக். அவருக்கும் மேலே விமலநாதன்.

"எழும்புங்கோ, குளிர் பிடிக்கும்," என்றாள் சிவநேசம்.

"பொறு. இன்னும் ரெண்டாவது இழுப்பு கிடக்கு," என்றார் அவர், கயிற்றை விடாமல்.