தரங்கம்பாடி குடோனில் ஒரு சவுண்ட் செக்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அன்றைக்கு என்னோடு இருந்த ஜாபிரிடம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவான். வாய் ஓயாத அவன் வாயை மூடிக்கொள்கிற ஒரே விஷயம் இதுதான்.

என் பெயர் செம்மொழி. சொந்தமாகப் பாட்டெழுதி, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறேன். சுயாதீன இசைக்கலைஞர் என்று போஸ்டரில் போடுவார்கள். ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றுவதும் நாமே, இறக்குவதும் நாமே என்பதற்கு அவ்வளவு நீளமான பெயர். பஸ் ஸ்டாண்டு இட்லி, பெட்ரோல் பங்க் குளியலறை, ஓடுகிற ஆம்னி வேனில் தூக்கம். இதில் பாதி ஜாபிருக்கும் உண்டு. திருவாரூரில் என்னோடு கல்லூரியில் படித்த முத்துப்பேட்டைக்காரன். வண்டி ஓட்டுவது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பார்ப்பது, நான் சுருதி விலகினால் முகத்தைச் சுளித்துக் காட்டுவது, எல்லாம் அவன்தான்.

அது எங்கள் கடைசி நிகழ்ச்சி. அடுத்த வாரம் அவனுக்கு தோஹாவில் வேலை. அவன் மனைவி இர்ஃபானாவுக்கு ஏழாவது மாதம். காலையில் கிளம்பும்போது, "அக்கா, அவரப் பத்திரமா கொண்டாந்து விட்டுடுங்க" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் என்ன கண்ணாடிச் சாமானா?" என்று கிண்டல் அடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கிண்டல் என்னைச் சுடுகிறது.

வண்டியில் எப்போதும் ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரும் மூன்று ரெக்கார்டுகளும் இருக்கும். ஒன்று, ஜாபிரின் அம்மா ஹபீபுன்னிசா கொடுத்த நாகூர்ப் பக்கத்துப் பக்திப் பாட்டு. இன்னொன்று, கீறல் விழுந்த பழைய நாடகப் பாட்டு. கீறல் வந்ததும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், நாங்களும் சேர்ந்து கத்துவோம். மூன்றாவதுதான் என் உயிர். கும்பகோணத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்த நாதஸ்வர எல்.பி. புது இடத்தில் ஸ்பீக்கர் எப்படிப் பேசுகிறது என்று பார்க்க, தனக்கு அத்துப்படியான ஒன்றைப் போட்டுக் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். நான் இந்த நாதஸ்வரத்தைப் போடுவேன். எந்த இடத்தில் பொரியும், எந்த இடத்தில் வித்வான் மூச்சு வாங்குவார், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மார்கழி மாதம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வழியெல்லாம் வயலில் சம்பா கதிர் வாங்கி நின்றது. தரங்கம்பாடியில் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு பழைய நெல் குடோன். ஒரு காலத்தில் கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விட்டிருந்தார்களாம், உள்ளே சிமெண்டு மேடை இருந்தது. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் உள்ளூர்க்காரர் ஜெக்கரியா. ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் மூன்றரைக்கே போய்விட்டோம். எங்களுக்கு எப்போதும் அந்த அவசரம் உண்டு.

சாவி எதிர் டீக்கடையில் இருந்தது. கடைக்கார அம்மா நூர்ஜஹான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இப்பவேவா தெறக்கிறீங்க? ஜெக்கரியா தம்பி வந்துடட்டுமே."

"சாமான மட்டும் எறக்கி வச்சுடுறோம்மா" என்றான் ஜாபிர்.

அரைமனதாகக் கொடுத்தார்.

உள்ளே ஈர வாடை. சுவிட்சைப் போட்டேன். குழல் விளக்குகள் ரெண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தன. மேடைக்குப் பின்னால் கூரை ஒழுகித் தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்பை வாசலிலேயே விட்டோம். மேடை ஏறும்போது செருப்புப் போடுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது, சிமெண்டு மேடையானாலும் சரி.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து ரெக்கார்டைப் போட்டேன். நாதஸ்வரம் குடோன் முழுக்க நிறைந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆலாபனை முடிகிற இடத்தில் வித்வான் மூச்சு வாங்குவார். ஒரு நொடி மௌனம்.

அந்த மௌனத்தில்... டப், டப்.

மைக்கை யாரோ விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம்.

முள்ளைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தேன். இந்தத் தடவை ஒன்றுமில்லை. தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ரெக்கார்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் மேடையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கிட்டாருக்குச் சுருதி சேர்த்தேன். என் காலடியில் மானிட்டர். பாடுகிறவர் தன் குரலைக் கேட்க வைக்கிற சின்ன ஸ்பீக்கர் அது. மிக்ஸரில் இருப்பவர் மைக்கில் பேசினால் அதில்தான் வரும்.

"கேக்குதா?"

மெல்லிய ஆண் குரல். நான் நிமிரவே இல்லை. "கேக்குது. இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றேன். ஒவ்வொரு ஊரிலும் சொல்வது. யோசித்துச் சொல்கிற வார்த்தை இல்லை.

"கேக்குதா?"

சத்தம் ஏறியிருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"கேக்குதா?"

இப்போது காலடியில் இல்லை. காதோரம்.

"கேக்குதுப்பா, போதும்!" என்று எரிச்சலோடு நிமிர்ந்தேன்.

மிக்ஸர் முன்னால் யாரும் இல்லை.

வாசலில் இரண்டு டீ டம்ளரோடு ஜாபிர் உள்ளே வந்துகொண்டிருந்தான். "யார்கிட்ட கத்துற?" என்றான்.

சொன்னேன். மிக்ஸரைப் போய்ப் பார்த்தான். பேசுகிற மைக்கை இன்னும் பையிலிருந்தே எடுக்கவில்லை. "படகுல வயர்லெஸ் வச்சிருப்பாங்க. அது இழுத்திருக்கும். இதுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். சிரித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் படகுக்காரர் எதற்கு நான் பதில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படியாகச் சத்தத்தை ஏற்ற வேண்டும்?

ஜெக்கரியாவுக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. மணி 5.52. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கரண்ட் போனது.

ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் இழுத்து... இழுத்து... முனகலாகி நின்றது. மானிட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. அதை நான் பார்த்தேன். அணைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அணைந்த மானிட்டரிலிருந்து...

"கேக்குதா?"

பதில் சொல்லாதே என்று உள்ளே எதுவோ அடித்துக்கொண்டது. நான் சொல்லவில்லை.

மிக்ஸர் பக்கத்து இருட்டிலிருந்து ஜாபிர் சாதாரணமாகச் சொன்னான்.

"கேக்குது, கேக்குது."

அவனுக்கும் அதே பழக்கம்தானே.

பிறகு கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

திடீரென்று ஜாபிர், "ம்... வர்றேன், இரு" என்றான்.

நான் அவனைக் கூப்பிடவில்லை.

"ஜாபிர்?"

வெறுங்கால் நடக்கிற சத்தம். என்னைத் தாண்டிப் போனது. மேடைக்குப் பின்பக்கம்.

"ஜாபிர்... எங்க போற?"

"தோ வந்துட்டேன்டி. அங்கேயே நில்லு."

அவன் பேசியது எனக்கு எதிர்த் திசையில்.

தண்ணீரில் கால் வைக்கிற சத்தம். சளப்... சளப்...

போன் டார்ச்சைப் போட்டேன். வெளிச்சத்தில் அவன் முதுகு. கணுக்கால் வரை தண்ணீர். எதிரே சுவரில் துருப்பிடித்த மெயின் பெட்டி. கதவு திறந்திருந்தது.

அதை நோக்கி ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தான். யாரையோ கைப்பிடித்துத் தூக்கிவிடப் போவதுபோல.

ஓடினேன்.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பின்னால் விழுந்தோம்.

பட்டீர்!

பெட்டியில் நீலப் பொறி. விளக்குகள் எரிந்தன. முன்னால் நாதஸ்வரம் அடித்தொண்டையில் உறுமி எழுந்தது.

ஜாபிர் என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

"நீ அங்கல்ல இருந்த..." என்றான். "கை மாட்டிக்கிச்சு, இழுத்து விடுன்னு நீதானே அழுத?"

ஓட்டம். சாமான், ரெக்கார்டு, செருப்பு எதையும் எடுக்கவில்லை.

திருக்கடையூரில் கோயில் பக்கம் வெளிச்சமும் கூட்டமும் பார்த்த பிறகுதான் வண்டியை நிறுத்தினான். யாருக்கோ அறுபதாம் கல்யாணம். மாலையும் கழுத்துமாக ஒரு தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இர்ஃபானாவிடம் என்ன சொல்லியிருப்பேன்? அதையே நினைத்து அழுதேன். ஜாபிர் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

6.40க்கு ஜெக்கரியா போனில் வந்தார். கோபமாக இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கங்க போயிட்டீங்க? ஜெனரேட்டர் வந்து நிக்குது, ஆளும் வர ஆரம்பிச்சிட்டாங்க."

"ஜெனரேட்டர் எதுக்குங்க?" என்றான் ஜாபிர். "கரண்ட்தான் இருந்துச்சே. ரெண்டு மணி நேரம் செக் பண்ணோம்."



"என்ன சொல்றீங்க? அங்க லைன் கட் பண்ணி நாலு வருஷம் ஆச்சுங்க. மீட்டரக் கழட்டி, போஸ்ட்லேருந்து வர்ற வயரையும் உருவிட்டாங்க. அதுக்காகத்தான மயிலாடுதுறை போய் ஜெனரேட்டர் எடுத்தாந்தேன்."

ஜாபிர் போனை அணைத்தான். வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் பட்டப்பகலில் நான் மட்டும் போனேன். ஜெக்கரியா சாமான்களை டீக்கடையில் எடுத்து வைத்திருந்தார். நூர்ஜஹான் அம்மா என்னை உட்கார வைத்து, கேட்காமலே டீ கொடுத்தார்.

"நேத்தே சொல்லியிருக்கணும். பொழப்பக் கெடுக்கிறேன்னு நெனைப்பீங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். நாலு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு வரவேற்பு. மைக் செட்காரர் முருகையன் அந்த மெயின் பெட்டியில் கை வைத்து, அங்கேயே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் லைனை வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தக் குரல் அவருடையதுதான் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பாவம், செத்த மனுஷன்.

"பெட்டிகிட்ட எதுக்கும்மா போனாரு?"

"பாட்டுப் பாடுற பொண்ணு கை மாட்டிக்கிச்சுன்னு அழுவுதேன்னு போனாரு. 'தோ வந்துட்டேன்மா'ன்னு சொல்லிக்கிட்டே ஓடுனாராம். எங்க வீட்டுக்காரரு காதால கேட்டாரு."

"அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?"

அவர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன ஆவப்போவுது? அது வந்த வேன் பஞ்சராகி, அந்நேரம் பொறையார்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. குடோனுக்கு வரவே இல்லம்மா."