ருக்கியா தைத்த பட்டாளம்

வெள்ளவத்தையில் இருக்கும் ருக்கியாவின் தையல் கடைக்கு அபாயாவும் பள்ளிக்கூடச் சீருடையும்தான் வரும். போன வருடம் ஒரு பட்டாளமே வந்தது.

கொண்டுவந்தவள் கொட்டாஞ்சேனை நிலூஷா. சினிமாவுக்கு உடை ஏற்பாடு செய்பவள்.

"1803இல கண்டியைப் பிடிக்கப் போன வெள்ளைக்காரப் படை, ஆன்ட்டி. பத்தொன்பதாவது காலாட்படை. கோட்டு சிவப்பு, கொலர் பச்சை. பச்சையில பிழை வரக்கூடாது. அவங்கட பட்டப்பேரே பச்சை ஹோவர்ட்."

"நெறத்துலயா பேர்?"

"முந்திப் படைக்குத் தளபதிட பேரைத்தான் வைப்பாங்க. ஹோவர்ட் எண்டு ரெண்டு தளபதி இருந்திருக்கிறாங்க. குழம்பாமல் இருக்க நிறத்தையும் சேர்த்திட்டாங்க."

ருக்கியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "எங்கட ஒழுங்கைலயும் நெட்ட சப்ரி, கட்ட சப்ரி ஈக்காங்க."

அந்தப் படையில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்கள்தான் அதிகம் என்றும் நிலூஷா சொன்னாள். ருக்கியா தடித்த கம்பளித் துணியைத் தடவிப் பார்த்தாள். "இத உடுத்துக்கிட்டு இந்த வெக்கைல நடந்தா வராம ஈக்குமா?"

படப்பிடிப்பு நுகேகொடைக்கு அப்பால் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. அதுதான் படத்தில் கண்டி அரண்மனை. மட்டக்குளிப் பையன்கள்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகப் புல்லில் சாய்ந்தார்கள். இயக்குநர் பிரியந்தன் தண்ணீர்ப் போத்தலோடு அங்குமிங்கும் ஓடினார். பொத்தான் தைக்கப் போயிருந்த ருக்கியா யாரையும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். ஒவ்வொரு கோட்டின் முதுகுப்பக்கத்தையும் வெட்டி எறிந்து, நாடா வைத்துக் கட்டிவிட்டாள்.

"கமரா முன்னுக்குத்தானே ஈக்கி?"

முதுகில் காற்றுப்பட்டதும் பட்டாளம் உயிர்த்தது. பைலா பாடிக்கொண்டே கண்டியைப் பிடித்தது.

பின்னேரம் கடைசிக் காட்சி. சரணடைந்த படை ஊரைவிட்டு வெளியேற வேண்டும். கமரா அரண்மனை மதிலில், படைக்குப் பின்னால். சிப்பாய்கள் நடந்தார்கள். வரிசையாக வெள்ளை பெனியன்கள். ஒன்றில் கிரிக்கெட் கழகத்தின் பெயர் வேறு.

"அக்கா! என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறீங்க?" பிரியந்தன் தலையில் கை வைத்துவிட்டார். திரும்பத் தைக்க நேரமில்லை, புதுத் துணியும் மிஞ்சவில்லை.

 ருக்கியாவின் வாய் சும்மா இருக்கவில்லை. "எதிரிக்கு முதுகக் காட்டிட்டா போவாங்க, தம்பி? பின்பக்கமா நடக்கச் செல்லுங்களேன்."

வேறு வழியில்லை. அரண்மனையைப் பார்த்தபடி, துவக்கைத் தாழ்த்திப் பிடித்து, பத்தொன்பதாவது காலாட்படை பின்னோக்கி நடந்தே வெளியேறியது. இரண்டு பேர் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார்கள். அதையும் பிரியந்தன் படத்தில் வைத்துக்கொண்டார்.

படம் வந்தபோது, புறமுதுகு காட்டாமல் பின்வாங்கும் அந்தக் காட்சியை ஒரு பத்திரிகை தனியே பாராட்டி எழுதியது. 'வரலாற்றில் அப்படி நடக்கவே இல்லை' என்று ஒரு விரிவுரையாளர் சண்டைக்கு வந்தார். தியேட்டரில் பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைக்க, ருக்கியா முக்காட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு அவளுக்கும் மனது என்னவோ செய்தது. நிஜப் படைக்குக் கோட்டின் முதுகை வெட்டிவிட ஆளிருக்கவில்லையே.

இப்போது ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்குக் கண்டி ராசாவின் படையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இவங்கதான் புத்திசாலி," என்கிறாள். "மேலுக்கு ஒண்டுமே உடுத்தல்ல."