ஷட்டர் இறங்கிய மதியம்

என் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. குடிப்பழக்கமும் கிடையாது. சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். காலையில் கடைக்குக் கிளம்பும்போது வாசல் கிரில் கேட்டை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மதியம் சாப்பிட வந்து திறப்பார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பூட்டிக்கொண்டு போவார். நான்கு வருடம் இப்படியே போனது.

விருத்தாசலத்தில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஒண்டியா இருக்கிறியேன்னு பயந்துக்கிட்டுப் பூட்டுறாரு. அடிக்கிறாரா, ஒதைக்கிறாரா? இதெல்லாம் ஒரு குறையா?" என்றாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கோயில் திருவிழா, சொந்தத்தில் காதுகுத்து என்று காரணம் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் பிறந்த வீட்டுக்கு வர முடிந்தது. மூன்றாவது முறை வந்தபோது, இனி போகமாட்டேன் என்று பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் அண்ணன் லீவு போட்டுவிட்டு என்னை பஸ் ஏற்றக் கிளம்பினான். அவன் பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்க்கிறான். அதிகம் பேசமாட்டான்.

பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து காம்ப்ளெக்ஸில் புதிதாகத் திறந்திருந்த கேம்ஸ் கடைக்குள் ஓடினோம். சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு மாலிலிருந்து வாங்கி வந்த பழைய வீடியோ கேம் மெஷின்கள் நாலைந்து அங்கே நின்றன. எங்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. சாரல் உள்ளே அடித்தது. கடைக்காரர், "உக்காருங்க, டீ வாங்கிட்டு வந்துடுறேன்" என்று வெளியே போய், மெஷின் நனையாமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கினார். மேலே ஏதோ அறுந்த சத்தம். ஷட்டர் முழுதாக விழுந்து கோணலாகச் சிக்கிக்கொண்டது.

அவர் வெளியிலிருந்து தூக்கினார், அண்ணன் உள்ளேயிருந்து தூக்கினான். அசையவில்லை. "ஸ்பிரிங்கு போயிருச்சு தம்பி. ஆளு வேப்பூர்ல இருக்கிறாரு, போன் பண்ணிட்டேன். மழையா இருக்குது, ரெண்டு மணி நேரம் ஆவும். மேசை மேல டப்பாவுல காயின் இருக்குது, எடுத்து ஆடிக்கிட்டு இருங்க" என்று கடைக்காரர் குரல் மட்டும் வந்தது.

அண்ணன் முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்தான். கடையின் நீளம் எட்டுத் தப்படி இருக்கும். ஷட்டரைத் தட்டி, "வந்துட்டாரா?" என்று கேட்டான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் தட்டினான். சட்டைப் பித்தானைக் கழற்றினான். சூளையின் வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்கிறவன், அங்கே உடம்பு முழுக்க வேர்த்து, "மூச்சு முட்டுது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க வாண்ணா. இந்த ஃபேன் ஓட்டைக்கிட்ட நில்லு, காத்து வரும். ஷட்டரத் தட்டாத. தட்டத் தட்டத்தான் பயம் ஜாஸ்தியாவும். தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாக் குடி. கடியாரத்தப் பாக்காத."

சொல்லிவிட்டு, அவன் கவனத்தைத் திருப்பலாமே என்று ஒரு மெஷினில் காயினைப் போட்டேன். திரையில் கட்டட உயரத்துக்கு ஒரு குரங்கு, ஒரு பல்லி, ஒரு ஓநாய். எதை வேண்டுமானாலும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அது மாடிக் கட்டடத்தில் தொற்றி ஏறிச் சுவரைக் குத்திக் குத்தி ஓட்டை போடும். ஜன்னலில் நிற்கிற ஆட்களைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும். ஹெலிகாப்டரிலிருந்து சுடுவார்கள். கட்டடம் பொடிப்பொடியாகச் சரிவதற்குள் குதித்துவிட வேண்டும். நான் பல்லி, அண்ணன் குரங்கு. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீரானது. என் பல்லி குண்டடி பட்டுச் சக்தி தீர்ந்ததும் சின்ன மனிதப் பெண்ணாக மாறிவிட்டது. உடம்பில் துணியில்லாமல், கையால் மறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து திரையை விட்டுப் போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த காயினைப் போட்டேன்.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டான். "அவ்ளோ பெரிய குரங்கு ஏறி வருது. ஜன்னல்ல நிக்கிறவன் கீழ எறங்கி ஓட வேண்டியதுதான?"

"கீழ பூட்டியிருக்கும்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அவன் கையை எடுத்துவிட்டான். அவன் குரங்கு சும்மா தொங்கிக்கொண்டு அடி வாங்கியது. "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எங்க நிக்கணும், எப்படித் தண்ணி குடிக்கணும்னு" என்றான்.

"மொத மாசம் நானும் உன்ன மாதிரிதான் கேட்டைப் புடிச்சி ஆட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் பழகிடுச்சு. ஒருநாளு குக்கரு வெடிச்சி கை வெந்துபோச்சு. மதியம் அவரு வர்ற வரைக்கும் கையத் தண்ணியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீயும் அங்கதான் உக்காந்திருந்த."

அவன் காயின் டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மெக்கானிக் வந்து கீழ்த்தகட்டை அறுத்து முழங்கால் உயரத்துக்கு நெம்பினார். தவழ்ந்து வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அண்ணன் என் பையை வாங்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தான். இவ்வளவு சொல்லியும் ஏற்றிவிடத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அவனும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் சர்டிபிகேட்டு, துணிமணியெல்லாம் எங்க இருக்குது?"

"பீரோவுல."

"எடுத்துக்கிட்டு வந்துடலாம்" என்றான்.

உரக்கடை வாசலில் நின்று, "வூட்டுச் சாவியக் குடுங்க மாப்ள" என்று கேட்டான். என் கணவர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமல், "என் வூட்ட நான் பூட்டுறேன், உங்களுக்கு என்னா?" என்றார். மூட்டை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. கடைக்குள் போய் அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "குடுக்கிற வரைக்கும் இருக்கிறேன்" என்றான். அரை மணி நேரம் ஆனது. கூட்டம் சேர ஆரம்பித்ததும் அவர் சாவியைத் தூக்கி மேசையில் போட்டார். அதை நான் எடுத்தேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பூட்டை என் கையால் திறந்தேன்.

இப்போது நானும் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலைக்குப் போகிறேன். வெடிப்பு விட்ட கோப்பைகளைத் தட்டிப் பார்த்து ஒதுக்குகிற வேலை. விவாகரத்துக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. அது முடியும் வரை நான் யாரென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. தெருவில் யாராவது, "எப்ப ஊருக்குப் போற?" என்று கேட்டால் காதில் விழாதது போல நடந்துவிடுவேன். அம்மாவும் பல மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "சும்மா வந்திருக்கிறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் குழாயடியில் ஒருத்தி அதையே கேட்டாள். நான் குடத்தோடு பின்னால் நிற்பது அம்மாவுக்குத் தெரியாது. "அவ எங்கயும் போவல. வேலைக்குப் போறா, இங்கதான் இருப்பா" என்று சொல்லிவிட்டு, வரிசையில் தன் குடத்தை முன்னே நகர்த்தினாள்.