எண்ணெய் பூசிய சக்கரமும் ராயக்கோட்டை இறக்கமும்

2007-இல் ஆயுத பூஜைக்கு மறுநாள். ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று மகள் நிலா நச்சரித்ததால், மத்திகிரியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கெலமங்கலம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். காரை ஓட்டியது நான். பக்கத்தில் கணவர் முருகேசன், பின்சீட்டில் ஆறு வயது நிலா. அந்த வாரம்தான் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேடு போட்டிருந்தோம்.

ஊர் தாண்டும் முன்பே பிரேக் மந்தமாக இருந்தது. "புது பேடு அப்பிடித்தான், போகப்போக சரியாயிரும்," என்றார் முருகேசன். பாதி உண்மைதான், புது பேடு சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டில் உரசிப் பழகக் கொஞ்ச நாளாகும். ஆனால் பழகப் பழகக் கூட வேண்டிய பிடி, இங்கே குறைந்துகொண்டே போனது. சொன்னதற்கு, "நீ அழுத்தி மிதிக்கல," என்றார். எனக்குச் சுருக்கென்றது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்ததால், என் மிதிதான் சரியில்லையோ என்று ஓட்டிக்கொண்டே போனேன்.

கெலமங்கலம் தாண்டிய ஓர் இறக்கத்தில், முன்னால் போன தக்காளி மினி லாரி சட்டென வேகம் குறைத்தது. முழுப் பலத்தோடு மிதித்தேன். மிதி கல்லாக நின்றது; வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்ணில் இறக்கினேன். புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நிலா அழக்கூட இல்லை.

பானெட்டைத் திறந்தோம். பிரேக் ஆயில் குறையவில்லை. மிதி தொய்ந்து உள்ளே போனால் காற்றோ கசிவோ இருக்கலாம். இது தொய்யவே இல்லை. அப்படியானால் உரசும் இடத்தைப் பார்க்க வேண்டும். சக்கரத்தருகே குனிந்தேன். கருகிய எண்ணெய் வாடை.

"நேத்து பூஜைக்கு சக்கரத்த எதுல தொடைச்சீங்க?"

"மெஷின் ஆயில்ல. பளபளன்னு இருக்கட்டும்னு உள்ள தட்டையும் சேத்துத் தொடைச்சேன்." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது.

வண்டியை நிறுத்தி வந்து விசாரித்த தக்காளி லாரிக்காரர், ராயக்கோட்டையிலிருந்து மெக்கானிக்கை அனுப்பிவைத்தார். "பேடு எண்ணெ குடிச்சிருச்சுங்கம்மா. கழுவுனா போவாது," என்றவர், தட்டைச் சுத்தம் செய்து வேறு பேடு மாட்டினார். எல்லாம் சேர்த்து 900 ரூபாய். விஜயதசமி முதல் போணி என்பதால் நாங்கள் பேரம் பேசவில்லை.

யார் புது பேடு மாட்டினாலும் பிறகு அதைப் பழக்க வேண்டும். வண்டி நடமாட்டமில்லாத சமதளத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், பத்துக்கு வரும்வரை நிதானமாக மிதியுங்கள்; முழுக்க நிறுத்தாதீர்கள். நடுநடுவே பிரேக் தொடாமல் ஓட்டிச் சூட்டை ஆறவிடுங்கள். எட்டுப் பத்து முறை போதும். பூஜைக்குச் சந்தனம், குங்குமம் தாராளமாக வையுங்கள். எண்ணெய்த் துணி மட்டும் சக்கரத்துப் பக்கம் வேண்டாம்.

நான் மெக்கானிக்கோடு ஓட்டிப் பழக்கிவிட்டுத் திரும்பும்வரை, கணவர் நிலாவைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தார். பிரேக் பிடிக்கிறதா என்று கேட்கவில்லை. மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"கோவம்னா திட்டிரு. ஆனா நீயே ஓட்டு."

ராயக்கோட்டை வரை ஓட்டினேன். வழி முழுக்கத் திட்டவும் செய்தேன்.