யாரும் சாகாத கிறிஸ்துமஸ் கதை

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். கடையில் இருந்த பெண், "என்ன அண்ணாச்சி வேணும்?" என்று கேட்டாள்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பஸ்ஸிலேயே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"ஒரு கிறிஸ்மஸ் கதைப் புஸ்தகம் வேணும்மா. ஆனா அதுல யாரும் சாகக் கூடாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாகாமலா? கஷ்டமாச்சே அண்ணாச்சி!"

அவள் சொன்னதும் சரிதானே? கிறிஸ்துமஸ் கதை என்றால் முதல் பக்கத்திலேயே பனி கொட்டுகிறது. டிசம்பரிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊரில் இருந்துகொண்டு நாமும் அதைப் படித்து நடுங்குகிறோம். அடுத்த பக்கத்தில் கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளை. அதன் அம்மா இருமுவாள். இருமினால் முடிந்தது… கோயில் மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்துவிடுவாள்.

எனக்குத் தையல் கடை. டிசம்பர் மாதம் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அப்படியும் வருஷா வருஷம் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதை விட்டதில்லை. எதற்குப் புத்தகம்? நேரில் போய் நாலு வார்த்தை வாழ்த்திப் பேச எனக்கு வராது. கதையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், பேச வேண்டியதை அது பேசிக்கொள்ளும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். வாசிப்பு நிதானமாகத்தான் ஓடும். ஆனாலும் ஒரு பக்கம் விடாமல் படித்துப் பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் கொடுக்க மாட்டேன்.

மேலப்பாளையம் சாகுலுக்குப் போன வருஷம் மரியாளைச் சுமந்துபோன கழுதையின் கதையைக் கொடுத்தேன். படித்துவிட்டு போன் பண்ணினார். "நல்லாத்தான் இருக்கு வே. ஆனா பிள்ளை பொறந்ததும் கழுதைய அம்போன்னு விட்டுட்டானுவளே! அதுக்குத் தண்ணி காட்டுனாங்களா, இல்லியா?" எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அன்று முழுக்க அந்தக் கழுதை நினைப்புதான்.

இந்த வருஷம் சிக்கல் சாகுலுக்கு இல்லை… தனராஜ் அண்ணனுக்கு.

தனராஜ் அண்ணன் எங்கள் தெருக்காரர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் திறந்தால் தெருவே சிரிக்கும். ஆகஸ்டில் அவர் மனைவி எஸ்தர் மயினி இறந்துபோனார்கள். அதிலிருந்து அண்ணன் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிறார். கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் தொங்க விட மாட்டார்கள். பலகாரம் சுட மாட்டார்கள். கேரல் பாட வருகிறவர்களும் அந்த வீட்டு வாசலில் மேளத்தை நிறுத்திவிட்டு, சத்தம் காட்டாமல் பைய நடந்து கடந்துபோவார்கள். மரியாதை அது.

அப்படிப்பட்ட வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கதை கொடுக்கலாமா? கொடுக்காமல் விட்டால், ஒதுக்கிவிட்டான் என்று நினைப்பாரோ? கொடுத்து, அது அவர் புண்ணைக் கிளறிவிட்டால்? இதுதான் என் கவலை. அதனால்தான் அந்த நிபந்தனை… யாரும் சாகக் கூடாது.

கடைப் பெண் நல்ல பெண். ஏணி போட்டு ஏறித் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இது சிரிப்புக் கதை அண்ணாச்சி. ஒரு கேரல் குரூப் படுத பாடு. ஒருத்தரும் சாகல, நான் கேரண்டி."

மறுநாள் கடையில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படித்தேன். நல்ல கதை. ஒருத்தரும் சாகவில்லை. ஆனால் நடுவில் ஒரு இடம் வந்தது.

அச்சுமுறுக்கு சுட ஒத்தாசை கேட்ட மனைவியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, ஒருவன் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்டுக்கொண்டு கேரலுக்குப் போய்விடுகிறான். கேரல் குழு அவன் வீட்டுக்கே வருகிறது. மனைவி எல்லாருக்கும் முறுக்கு நீட்டுகிறாள். தாத்தா கையை நீட்டுகிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள். எல்லார் முன்னாலும், "தாத்தா, காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சு அசல் எஸ்தர் மயினி. இதைப் போய் அண்ணனிடம் எப்படிக் கொடுப்பது?

வேறு புத்தகம் வாங்கியிருக்கலாம். கிழித்திருக்கலாம்… ஆனால் புத்தகத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஊசி இருந்தது. நல்லவேளையாக அந்தக் காட்சி எதிரெதிரான இரண்டு பக்கத்தில் அடங்கியிருந்தது. இரண்டு தாளையும் ஓரம் சேர்த்து, வெள்ளை நூலில் பொடித் தையலாகப் போட்டு மூடிவிட்டேன். பார்க்கிறவனுக்கு ஒட்டிக்கொண்ட தாள் போலத்தான் இருக்கும். என் வேலையில் எனக்கே ஒரு திருப்தி.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் புத்தகத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

முந்தாநாள் காலையில் கடையில் நல்ல கூட்டம். சட்டைக்கு அளவு கொடுக்க நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு தனராஜ் அண்ணன் உள்ளே வந்தார். வெளியே வந்தே மாதக்கணக்காகிற மனுஷன்! கையில் புத்தகம்.

"ஏலே, இந்தப் பக்கத்துல கேரல்காரனுவ வாசல்ல வந்து நிக்கானுவ. அடுத்த பக்கத்துல அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிக்கானுவ. நடுவுல என்னதாம்லே நடந்துச்சு?"

"அது… அச்சடிக்கும்போது…"

"அச்சடிச்சவன் ஊசியும் நூலுமா வச்சிருந்தான்? பத்து வருஷமா நீ தச்ச சட்டையப் போடுதேன். உன் தையல் எனக்குத் தெரியாதா?"

அளவு கொடுக்க நின்றவர்கள் சிரித்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அதுல ஒரு பொம்பள வருது அண்ணே. முறுக்கு சுடுது. புருஷன ஏசுது. அதான்… உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு…"

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிரி."

பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்துக் கொடுத்தேன். அவசரத்தில் தாள் ஓரம் லேசாகக் கிழிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். காய்ச்சல் வசனம் வந்திருக்க வேண்டும்… தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா? நிமிர்ந்தபோது பார்த்தேன். இரண்டும்.

"நான் திங்கேன்னு முறுக்கு டின்ன அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வைப்பாலே. நான் எடுப்பேன். அவளுக்கும் தெரியும். டின் காலியானா மறுபடி ரொப்பி அங்கனயே வைப்பா. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசிக்கிட்டதில்ல."

மிஷினை நிறுத்தியிருந்தேன்.

"வீட்டுக்கு எவன் வந்தாலும் மழையப் பேசுதான், பென்ஷனப் பேசுதான். அவள மட்டும் பேச மாட்டேங்கான். அப்படி ஒருத்தி இந்தத் தெருவுல இருக்கவே இல்லங்கிற மாதிரி. நீயும் அவளத் தச்சு மூடிட்டியேலே…"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எஸ்தர் மயினி எனக்குந்தான் முறுக்கு தருவாங்க அண்ணே. ஒடஞ்சதாப் பாத்துத் தருவாங்க."

"முழுசெல்லாம் எனக்குலே!" என்றார் அண்ணன். குரலில் அப்படி ஒரு பெருமை.

சட்டைக்கு அளவு கொடுக்க நின்ற ஒருவர், "எங்க வீட்டுக்கும் ஒடஞ்சதுதான் வரும்" என்றார். இன்னொருவருக்கு மயினி சண்டைபோட்ட கதை ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் வரை என் கடையில் ஒரு சட்டைகூட வெட்டவில்லை.

இந்த மாதம் அப்படி ஒரு வீட்டுக்கு நீங்களும் போக வேண்டியிருக்கலாம். என்ன புத்தகம் கொடுப்பது என்று ரொம்பக் குழம்பாதீர்கள். போனவரின் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். அழுவார்களே என்று பயப்படுகிறீர்களா? நானும் பயந்துதான் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"அழுதா அழுதுட்டுப் போறேன்… நீ பேருச் சொல்லுலே!"